ஓசையின்றி நுழையும் பகைவன்

எதிரி முரசு கொட்டி வந்தால் கோட்டைக் காவலர் விழித்துக்கொள்வர். ஓசையின்றி வந்து ஒளிந்துகொள்பவனை என் செய்வது? நம் உடலில் அவ்வாறு நுழைவதுதான் பாப்பிலோமா வைரஸ்.

இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகள் கைகால்களில் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடும். 16, 18 என எண்ணிடப்பட்ட வகைகளோ கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். பாப்பிலோமா வைரஸுக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வைரஸை எதிர்க்கும் காவலர் யார்? தைமஸ் சுரப்பியில் பக்குவமடையும் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களே. நம் உடலின் செல்கள் தமக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளிப்புறத்தில் எடுத்துக் காட்டுகின்றன. அதில் வைரஸின் துண்டு தென்பட்டால், கொல்லும் டி செல்கள் அந்தச் செல்லை அழித்துவிடும். அவற்றுக்குத் துணை நிற்பவை உதவும் டி செல்கள்.

வைரஸின் சூழ்ச்சி இங்குதான் உள்ளது. அது இரத்தத்தில் பரவுவதில்லை. தான் புகுந்த செல்லைச் சிதைப்பதுமில்லை. ஆகவே காய்ச்சலோ வலியோ தோன்றுவதில்லை. போதாக்குறைக்கு, அதன் புரதங்கள் சில, செல்கள் துண்டுகளை வெளிக்காட்டுவதையும் குறைத்துவிடுகின்றன. இருந்தும், பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலே வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் வைரஸ் பல்லாண்டு தங்கிப் புற்றுநோய்க்கு வழி வகுக்கிறது. டி செல்கள் குறைந்துபோகும் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இந்த அபாயம் ஆறு மடங்கு அதிகம்.

"உடலே வெல்லுமாயின் தடுப்பூசி எதற்கு?" என்று கேட்கலாம். அந்தச் சிலருள் நாம் இருக்கமாட்டோம் என்று யார் உறுதி கூற முடியும்? இன்றுள்ள தடுப்பூசி வைரஸை வாயிலிலேயே தடுக்கும்; உள்ளே புகுந்துவிட்டதை விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுள்ள சிறுமியர்க்கு முதலில் போடுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் தயாராகும் 'செர்வாவாக்' தடுப்பூசிக்கு 2022 ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. பதினான்கு வயதைக் கடந்த எங்களைப் போன்றோரும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஆயினும் வீடுகளில் இதைப் பற்றிப் பேச ஏன் இத்தனை கூச்சம்? தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று உரக்கச் சொல்கிறோம். இந்நோயின் பெயரை மட்டும் காதோடு காதாகச் சொல்கிறோம். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே. நம் மௌனம் வைரஸுக்குத்தான் துணை செய்கிறது. உடலைப் பேணுவதில் வெட்கத்திற்கு இடமில்லை என்பதே எங்கள் கருத்து.

பெற்றோரே, எங்களுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். அன்னையரே, முப்பது வயதைக் கடந்த நீங்கள் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் நாங்களும் அவ்வயதில் பரிசோதனை செய்துகொள்வோம். தோழியரே, இன்று மாலையே வீட்டில் இப்பேச்சைத் தொடங்குவோமா?