நடைபாதை இல்லீங்க, சமாதி!

சியாட்டில் பக்கம் இருக்கற நம்மாளுங்க வாரக்கடைசி ஆனா தவறாம போடற படம் ஒண்ணு உண்டு. வழவழன்னு தார் போட்ட பாதை, ஓரத்துல மரம், கீழ "இயற்கையின் மடியில்"னு ஒரு வரி. இண்டர்அர்பன் டிரெயில். லின்வுட்ல நானும் அதுல தினம் நடக்கறவன்தான். ஆனா மக்களே, இயற்கையாவது மடியாவது! தலைக்கு மேல கரண்ட் கம்பி, காதுல ஐ-5 இரைச்சல். அந்த நேர்கோட்டைப் போட்டது இயற்கை இல்ல. 1910-லேர்ந்து 1939 வரைக்கும் சியாட்டிலுக்கும் எவரெட்டுக்கும் நடுவுல ஓடின மின்சார டிராம்.

இதைச் சொன்னா ரெடிமேடா ஒரு பதில் வரும். "ஊரு பரந்து கிடக்கு பாஸ், இங்க கார் இல்லாம முடியாது." சரி, டிராம் ஓடினப்ப இங்க என்ன மாடமாளிகையா இருந்துச்சு? அப்ப இந்த இடத்துக்குப் பேரு ஆல்டர்வுட் மேனர். மரம் வெட்டி முடிச்ச காட்டை ஒரு மரக் கம்பெனி 1917-லேர்ந்து துண்டு போட்டு, கோழி வளர்த்துப் பொழைக்கலாம்னு சொல்லி வித்துச்சு. எங்க பார்த்தாலும் வெட்டின அடிமரமும் கோழிக்கூண்டும்தான். அந்த ஊருக்கு டிராம் நின்னு போச்சு! கோழிப்பண்ணைக்காரனுக்குக் கட்டுப்படியானது, அத்தனை ஆயிரம் பேர் ஆணி புடுங்கற ஊருக்குக் கட்டுப்படியாகாதாம்.

டிராம் தானா சாகல. ரோடு போட வரிப்பணம் இருந்துச்சு. டிராம் கம்பெனி தன் தண்டவாளத்தைத் தன் கைக்காசுல பார்த்துக்கணும். இப்படி ஒரு பந்தயம் வச்சிட்டு, "ஜனங்க காரைத்தான் விரும்பினாங்க"ன்னு சொல்றது போங்காட்டம்.

எனக்கு ஏன் இவ்வளவு கடுப்புன்னா, 2022-ல நாங்க வந்தப்ப தங்கமணிக்கு வேலை பார்க்கற விசாவும் இல்ல, லைசென்ஸும் இல்ல. எம்.இ. படிச்சவ, நான் காரை எடுத்துட்டுப் போனப்புறம் பால் வாங்க இந்தப் பாதையில போய்ட்டு வருவா. மழையில நனைஞ்சு வந்து ஒருநாள் கேட்டா, "ஏங்க, இங்கதான் ரயில் ஓடுச்சாமே, எதுக்கு எடுத்தாங்க?" என்கிட்ட பதில் இல்ல. ஹெரிட்டேஜ் பார்க்ல அந்த டிராமோட 55-ஆம் நம்பர் பெட்டியைப் பெயிண்ட் அடிச்சு அழகா நிறுத்தி வச்சிருக்காங்க. அதைக் காட்டினப்ப அவ உள்ள எட்டிக்கூடப் பார்க்கல.

2024 ஆகஸ்ட் 30-ல லின்வுட்டுக்கு ரயில் திரும்பி வந்துச்சு. 85 வருஷம் கழிச்சு, ஏறத்தாழ 300 கோடி டாலர் செலவுல. ஸ்டேஷன் இந்தப் பாதைக்குப் பக்கத்துலயே இருக்கு. எவரெட்டுக்கு இன்னும் போய்ச் சேரல. இப்ப தங்கமணி என்னைக் கேக்காம சியாட்டில் லைப்ரரி போய்ட்டு வர்றா.

டிஸ்கி: நடக்கறதுக்கு நான் எதிரி இல்ல சாமி. இந்த இடத்துல வீடு முளைக்காம பாதையா விட்டு வச்சாங்களே, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா அடுத்த தடவை படம் போடறப்ப, கீழ "இங்கே ஒரு ரயில் ஓடியது"ன்னு எழுதுங்கப்பா :)