மேகம் என்னும் உருவகமும் நம் அலட்சியமும்

சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவரிடம், அவருடைய பழைய இதழ்களெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். "எல்லாம் மேகத்தில் இருக்கிறது, கவலையில்லை" என்றார். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றதற்கு, "தளத்தை அமைத்துக் கொடுத்த பையனிடம் இருக்கும்" என்றார். அந்தப் பையன் வேலை மாறிப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஒற்றுப்பிழைக்காக அச்சான படிவத்தையே திருப்பி அனுப்பியவர் இந்த நண்பர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எழுத்து நம்முடைய காரியம், அதைத் தாங்கும் இயந்திரம் வேறு யாருடைய காரியமோ என்னும் இந்த மனோபாவம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் இலக்கியச் சூழல் முழுவதும் ஊறிக்கிடப்பது. இது வெறும் அறியாமை என்று நான் கருதவில்லை. பதிப்புக் கடமையிலிருந்து நழுவுதல் என்றே கருதுகிறேன்.

மேகம் என்பது ஓர் உருவகம். கவிதையில் ஓர் உருவகம் வந்தால் அதைப் பிரித்துப் போட்டு நான்கு பக்கம் எழுதுகிற நாம், வணிக நிறுவனங்கள் நீட்டிய இந்த உருவகத்தை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம். வானத்தில் எதுவும் மிதக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில், ஓயாமல் சூடேறிக்கொண்டிருக்கும் இயந்திரங்களில் ஒரு பங்கை நாம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அவ்வளவே. கட்டிடம் என்றால் அது எரியவும் கூடும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று முற்றாக அழிந்தது. இலட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. காப்புப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு மூலமும் பிரதியும் ஒன்றாகவே போயின.

தீ எப்போதோ வருவது. சாவி திருட்டுப் போவது அன்றாடம் நடப்பது. மென்பொருள் எழுதுபவர்களின் மூலநிரல்களைக் காத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்த கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் கதையை நம் பத்திரிகாசிரியர்கள் படிக்க வேண்டும். அமேசானின் மேகச் சேவையில் அது இயங்கிவந்தது. 2014 ஜூனில் ஒருவன் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்றி அவனை வெளியேற்ற முயன்றார்கள். அவனோ முன்னதாகவே தனக்கென வேறு நுழைவுகளை உண்டாக்கி வைத்திருந்தான். கண்ணில் பட்டவற்றையெல்லாம் அழிக்கத் தொடங்கினான். சுமார் 12 மணி நேரத்தில் தரவுகள், காப்புப் பிரதிகள், இயந்திர அமைப்புகள் எனப் பெரும்பகுதி அழிந்தது. நிறுவனத்தை மூடினார்கள். காப்புப் பிரதிகள் அவர்களிடம் இல்லாமலில்லை. எல்லாம் ஒரே சாவிக்குள் இருந்தன என்பதே குறை.

இதை நமக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளில் எவை நமக்குக் கிடைத்தன? வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும் பிரதிகள் இருந்தவை, சுவடி நைந்துபோகுமுன் பெயர்த்து எழுதப்பட்டவை. பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்க முடிந்ததே பல பிரதிகள் பல இடங்களில் இருந்ததால்தான். வகுப்பில் இதை மாணவர்களுக்கு உருக்கமாகச் சொல்லிவிட்டு, நம் காலத்து எழுத்தை ஒரே கணக்கில் ஒரே கடவுச்சொல்லின் கீழ் விட்டுவைப்பதை என்னவென்று சொல்வது?

"அதெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த சமாதானம். அமேசானே இதற்குப் 'பகிர்ந்த பொறுப்பு' என்று பெயரிட்டு எழுதி வைத்திருக்கிறது. கட்டிடமும் இயந்திரமும் வலையமைப்பும் அவர்கள் பொறுப்பு. யாரை உள்ளே விடுகிறோம், எதைத் திறந்து வைக்கிறோம் என்பவை நம் பொறுப்பு. ஆகவே கணக்கு இதழின் பெயரில், இதழின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அதன் விவரம் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைமைக் கணக்கிற்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். அன்றாட வேலைக்கு அதைத் தொடாமல், கட்டுரை ஏற்றுபவருக்குக் கட்டுரை ஏற்றும் உரிமை மட்டும் உள்ள தனி நுழைவு போதும். விலகிச் சென்றவரின் நுழைவை அன்றே நீக்குவது அவர் மீதுள்ள அவநம்பிக்கை ஆகாது. டொமைன் பெயரின் காலக்கெடு ஆசிரியரின் நாட்காட்டியில் இருக்க வேண்டும். கெடுவும் சலுகைக் காலமும் கடந்தால் அப்பெயரை எவரும் வாங்கலாம். நேற்றுவரை கவிதை இருந்த முகவரியில் நாளை சூதாட்ட விளம்பரம் இருக்கும்.

நேரமில்லை, பணமில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ஆயிரம் சொல் கொண்ட கட்டுரை 30 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஆயிரம் கட்டுரைகள் சேர்ந்தாலும் 30 மெகாபைட் அளவுதான். ஓர் இதழின் வாழ்நாள் எழுத்து முழுவதும் ஒரு பென்டிரைவின் மூலையில் கிடக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் எளிய விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்னும் புகைப்படக் கலைஞர். பொறியாளரல்லர், நம்மைப்போல் தன் படைப்பைக் காக்க வேண்டியிருந்தவர்.

பிரதி இருப்பதாக நம்புவதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடியபோதுதான் அவை ஒழுங்காக எடுக்கப்படவேயில்லை என்பது தெரிந்தது. பழுதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆண்டுக்கு இரு முறையேனும் பிரதியைத் திறந்து, பழைய இதழ் ஒன்று முழுமையாக வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதாதா?

பணத்தைப் பொறுத்தவரை, அலட்சியமே அதிகச் செலவு வைக்கிறது. எழுத்து மட்டுமே உள்ள தளத்திற்குப் பெரிய சர்வர் தேவையில்லை. நிலையான பக்கங்களாக அமைத்தால் செலவும் குறையும், ஊடுருவ வழிகளும் குறையும். மேகத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலும் அதனோடு இணைந்த வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். செலவு இவ்வளவைத் தாண்டினால் தெரிவி என்று ஓர் எச்சரிக்கையை அமைத்துக்கொள்ளப் புலமை எதுவும் தேவையில்லை.

மெய்ப்புத் திருத்துவது அச்சகத்தாரின் வேலை என்று எந்த நல்ல ஆசிரியரும் சொன்னதில்லை. பிறர் எழுத்தை வாங்கி வெளியிடுகிறவன் அதைக் காக்கவும் ஒப்புக்கொண்டவன். கட்டுரை தந்தவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களுடைய கையெழுத்துப் படிகளும் இல்லை. நம் கணக்கில் இருப்பதுதான் அவர்களின் ஒரே பிரதி. அந்தக் கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த இதழுக்குத் தலையங்கம் எழுத உட்காருவது எந்த வகையில் நியாயம்?