விசிறி தள்ளும் வெப்பம் யார் வாசலுக்குப் போகிறது?

அறைக்குள் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கைக் குளிர்விக்க எந்த விசிறி வாங்குவது? இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, பெட்டியின்மேல் எவ்வளவு பெரிய எண் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதை வாங்குவது என்பதே. லேமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் இப்படிச் சொன்னால் அது வணிகம். நகர்ப்புற வேளாண்மை பற்றிய ஆய்வுத் திட்டங்களும் இதையே சொன்னால் அது அறிவுச் சோம்பல்.

விசிறி வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் உள்ளதை வேறிடத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவே. 100 வாட் விளக்கு ஒன்று எரிகிறது என்றால், அந்த 100 வாட்டும் ஏறக்குறைய முழுமையாக அவ்வறையிலேயே வெப்பமாக முடிகிறது. ஒளியாகப் பிரிந்த பங்கும் இலையிலும் சுவரிலும் தரையிலும் பட்டு வெப்பமாகிவிடும். ஒளிச்சேர்க்கை சேமித்து வைப்பது மிகச் சிறு பங்கு. பத்தடிக்குப் பத்தடி பரப்பும் ஒன்பதடி உயரமும் கொண்ட அறையில் இருக்கும் காற்று ஏறத்தாழ 25 கனமீட்டர். சுவர்கள் எதையும் உறிஞ்சவில்லை என்று கொண்டால், இந்த ஒரு விளக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் அக்காற்றைச் சூடேற்றும். அடைத்த அறையில் விளக்கின்மேல் வீசும் விசிறி, விளக்கின் உடலைக் காப்பாற்றும், அறையை அல்ல. தான் உண்ணும் ஐந்து, பத்து வாட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும்.

அடுத்த மயக்கம், பெட்டியில் உள்ள எண். நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அச்சிடப்படுவது, எதிரே எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்த அளவு. கொசுவலை, தூசி வடிகட்டி, வளைந்த குழாய் இவற்றில் எதை வைத்தாலும் காற்றோட்டம் குறையும். சில விசிறிகளில் பாதிக்கும் கீழே போகும். 100 வாட் வெப்பத்தை, வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிட 5 பாகைக்கு மேல் சூடாகாதபடி அகற்ற, மணிக்கு ஏறத்தாழ 60 கனமீட்டர் காற்று, அதாவது நிமிடத்துக்கு 35 கன அடி, உண்மையில் நகர வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது பெட்டியின் எண்ணை அல்ல; எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று தயாரிப்பாளர் தரும் வரைகோட்டை. உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள இந்நகரில் பால் பேரிங் உள்ளதா, சுருள்கள் ஈரத்துக்கு எதிராகப் பூசப்பட்டுள்ளனவா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகள். பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது சிறியதை முழு வேகத்தில் ஓட்டுவதைவிடச் சிக்கனம். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் அதற்கு வேண்டிய திறன் எட்டில் ஒன்றாகிவிடும்.

விசிறி வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. திசு வளர்ப்பு அறைகளில் குழல்விளக்கு எரிந்த காலத்தில், அவற்றின் சோக்குகளை அறைக்கு வெளியே பொருத்தும் வழக்கம் இருந்தது. குளிரூட்டும் சுமையைக் குறைக்க எளிய வழி அதுவே. இன்றைய எல்.இ.டி. விளக்கின் டிரைவரையும் அப்படியே வெளியே வைக்கலாம். அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். இவ்வளவு எளிய பாடம் மறக்கப்பட்டு, எல்லாச் சுமையும் விசிறியின் தலையில் ஏற்றப்படுகிறது.

சரி, வெப்பத்தை வெளியேற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வெளியே என்பது எது? செம்பூரின் பழைய பங்களா ஒன்றில் அது தோட்டம். மாட்டுங்காவின் அடுக்ககத்தில் அது மரநிழல் விழும் தெரு. மாட்டுங்கா, மாகிம், சயான் மூன்றுக்கும் நடுவே கிடக்கும் தாராவியில், வெளியே என்பது இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. அச்சந்தின் மறுபுறம் இன்னொருவரின் சமையல் இடம். எக்ஸாஸ்ட் விசிறி ஒரு சுவரில் தள்ளும் சூடு எதிர்ச்சுவரின் கதவு வழியே உள்ளே போகிறது. அவரும் ஒரு விசிறி வைத்தால், இருவரும் ஒருவருக்கொருவர் வெப்பத்தை அனுப்பிக்கொள்ளலாம். மே மாதத்திலும் அக்டோபரிலும் வெளிக்காற்றே 33, 34 பாகையைத் தொடும் ஊரில், எந்த விசிறியாலும் அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. சூடு மிகுந்தால் கொத்தமல்லி இலை விடுவதை விட்டுப் பூக்கத் தொடங்கும். மனிதருக்கு அந்த வசதியும் இல்லை.

ஒரு விளக்கால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒன்றால் ஒன்றும் கெடாது. ஆனால் வீட்டுக்கு ஒரு விளக்கு, கீரையில் தன்னிறைவு என்று முன்மொழிவது ஒரு விளக்கை அல்ல, ஆயிரக்கணக்கான விளக்குகளை. அவற்றின் மின்கட்டணம் குடியிருப்பவர் தலையில், வெப்பம் அண்டை வீட்டார் தலையில், கட்டுரை மட்டும் ஆய்வாளர் பெயரில்.

செம்பூரை அடுத்த கோவண்டியும் மான்கூர்தும் இதைவிடக் கசப்பான பாடத்தைத் தருகின்றன. எம்-கிழக்கு வட்டத்தின் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு இடையே ஏறத்தாழ 3 மீட்டர்தான் இடைவெளி. டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு அங்கு நடத்திய ஆய்வு, வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. கீழ்த்தளங்களின் நிலை மேலும் மோசம். பகலில் துளசிக்கு விளக்குத் தேவைப்படும் அறையில் குழந்தை மட்டும் எப்படி நலமாக வளரும்? செடிக்கு ஒளியில்லை என்றதும் வாட் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, அதே அறையில் உறங்கும் மனிதரின் ஒளி ஏன் ஒரு மாறியாகக்கூடத் தோன்றவில்லை?

தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று பேசப்படுகிறது. சதுர அடியைக் கேட்பவர்கள், சன்னல் எத்திசையில், எதிர்க் கட்டடம் எத்தனை மீட்டரில், மணிக்கு எத்தனை முறை அறைக்காற்று மாறும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உட்புறச் செடி வளர்ப்பு குறித்த ஒவ்வொரு திட்ட வரைவும் மூன்று வரிகளைக் கட்டாயம் எழுதட்டும்: மொத்த வாட் எவ்வளவு, அவ்வெப்பம் எந்தச் சுவர் வழியே வெளியேறும், அச்சுவருக்கு அப்பால் வசிப்பவர் யார். மூன்றாம் வரியை எழுத முடியாதவர் விசிறியைத் தேர்ந்தெடுக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.