நோயினால் மரணம்

மசாக்கி கோபயாஷி 1962 இல் நெறியாள்கை செய்த 'ஹராகிரி' என்ற யப்பானியத் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். சாமுராய் படம் என்றதும் வாள்வீச்சை எதிர்பார்ப்போருக்கு அது ஏமாற்றமளிக்கக்கூடும். பெரும்பகுதியில் ஒருவர் முற்றத்தில் அமர்ந்து கதை சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். ஆயினும், நான் பார்த்த சாமுராய் படங்களில் இதற்கு நிகரானது வேறில்லை என்பேன்.

கதை 1630 இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில் நிகழ்கிறது. 1600 இல் செக்கிகஹாராப் போரில் வென்ற தொக்குகாவா இயேயாசு 1603 இல் ஷோகுன் ஆனார். 1615 இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தபின் சமாதானம் வந்தது. ஆனால், ஷோகுன் ஆட்சி பல பிரபுக்களின் நிலங்களைப் பறித்தது. ஹிரோஷிமாவின் பிரபு புக்குஷிமா மசனோரி, அனுமதியின்றிக் கோட்டையைத் திருத்தியதற்காக 1619 இல் அப்பிரதேசத்தை இழந்தார். பிரபு வீழ்ந்தால் அவரை நம்பியிருந்த சாமுராய்கள் தெருவுக்கு வந்தனர். அவர்களே ரோனின்கள்.

மசனோரியிடம் சேவகம் புரிந்த ஹன்ஷிரோ என்ற ரோனின், இயி பிரபுவின் மாளிகைக்கு வந்து வயிற்றைக் கிழித்து மாள இடம் கேட்கிறார். அவருக்கு முன்னர் அவ்வாறே வந்தவர் அவரது மருமகன். நோயுற்ற மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற ஏதாவது பணம் கிடைக்குமென நம்பி வந்த அந்த இளைஞனை, சாமுராய் கௌரவத்தின் பெயரால் மூங்கில் வாளைக்கொண்டே சாக நிர்ப்பந்தித்தது அந்த மாளிகை. உண்மையான வாளை அவன் வறுமையில் எப்போதோ விற்றுவிட்டான்.

கோபயாஷி இதனைக் கற்பனைக் கதையாக மட்டும் எடுக்கவில்லை. 1942 இல் யப்பானிய இராணுவத்தில் சேர்க்கப்பட்ட அவர், போரை வெறுத்துப் பதவி உயர்வை மறுத்து, சாதாரண சிப்பாயாகவே இருந்தவர். கௌரவமான மரணம் என்று உபதேசிப்பவர்கள் யார், மரணிப்பவர்கள் யார் என்பது அவருக்கு நன்கு தெரியும்.

படம் இயி மாளிகையின் நாட்குறிப்போடு தொடங்கி அதே நாட்குறிப்போடு முடிகிறது. ஹன்ஷிரோவின் வாளுக்கு இரையான மாளிகை வீரர்கள் அதில் நோயினால் இறந்ததாகப் பதிவாகின்றனர். துப்பாக்கிகளால் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹன்ஷிரோ முறைப்படி ஹராகிரி செய்துகொண்டவராகிறார். அவர் தூக்கியெறிந்த மூதாதையரின் போர்க்கவசம் துடைக்கப்பட்டு மீண்டும் பீடத்தில் அமர்கிறது. எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கின்றன!

ஆனால், நாட்குறிப்பில் எழுதாததால் ரோனின்களின் பசி தீர்ந்துவிடவில்லை. 1651 இல் யுயி ஷோசெட்சுவின் தலைமையில் ரோனின்கள் ஆட்சிக்கெதிராகச் சதி செய்தமை அம்பலமானது. அதன் பின்னரே, மரணத் தறுவாயிலுள்ள பிரபு வாரிசொருவரைத் தத்தெடுப்பதற்கிருந்த தடையை ஷோகுன் ஆட்சி தளர்த்தியது. வாரிசின்மையால் பிரபு குடும்பங்கள் அழிவதும், அதனால் ரோனின்கள் பெருகுவதும் அவ்வாறே குறைக்கப்பட்டன. கௌரவத்தைப் போதித்த ஆட்சி, பயந்த பின்னர்தான் பசியைப் பற்றிச் சிந்தித்தது.

அதிகாரபூர்வ அறிக்கைகளைப் பல தசாப்தங்களாக வாசித்தும் செய்தியாக்கியும் வந்த பத்திரிகையாளன் என்ற வகையில், அந்த இறுதிக் காட்சி என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அந்த நாட்குறிப்பை எழுதியவன் பொய்யனாகத் தெரியவில்லை. கடமை தவறாத எழுத்தனாகவே தெரிகிறான். அச்சம் தருவது அதுதான்.