வீடு தேடிச் செல்லும் கலை

சென்ற தவக்காலத்தில், நாம் நன்கறிந்த பங்கு ஒன்றில், இளைஞர் சிலர் கணவனை இழந்த ஒரு தாயின் இல்லத்திற்கு அரிசியும் பருப்பும் கொண்டு சென்றனர். நல்ல உள்ளம் படைத்த பிள்ளைகள். தங்கள் கைப்பணத்தைத் திரட்டியே அனைத்தையும் வாங்கியிருந்தனர். பையைக் கொடுக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்தனர். அன்று மாலையே பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அது வெளியாயிற்று. பாராட்டுகள் வந்து குவிந்தன. மறுநாள் பள்ளியில், உடன் பயிலும் பிள்ளையொருத்தி காட்ட, அத்தாயின் மகள் அப்படத்தைக் கண்டாள். ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடிவந்த சிறுமி அவள். அடுத்த இரு ஞாயிறுகளும் அவ்வீட்டார் திருப்பலிக்கு வரவில்லை.

இளைஞர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனமில்லை. அவர்களிடம் அன்பு குறைந்திருந்ததா? இல்லை. அன்பைச் சுமந்துகொண்டு பிறர் வீட்டுப் படியேறுவது எங்ஙனம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடகர் குழுவுக்கு வாரந்தோறும் பயிற்சி உண்டு. பீடச் சிறுவரும் மணியடிக்கும் நேரத்தைப் பழகிய பின்னரே பீடத்தருகே நிற்கின்றனர். மக்களிடம் செல்லும் பணிக்கு மட்டும் நல்ல மனம் ஒன்றே போதும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வின்சென்ட் தே பவுல் சபை தோன்றிய கதையை வாசகர் பலரும் அறிவர். பாரிசு மாநகரில் சட்டம் பயின்ற பிரடெரிக் ஓசானாமும் அவர்தம் தோழரும் கருத்தரங்கம் ஒன்றில் திருச்சபைக்காக வாதாடி வந்தனர். திருச்சபை அன்று செய்தது இருக்கட்டும், இன்று நீங்கள் செய்வதென்ன என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். கேள்வி தைத்தது. முந்திய ஆண்டாகிய 1832-இல்தான் காலரா நோய் அந்நகரைச் சூறையாடியிருந்தது. 1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமின் இருபதாம் பிறந்தநாளில், மாணவர் அறுவரும் பத்திரிகையாளரான எம்மானுவேல் பாயி என்பவரும் கூடிச் சபையைத் தொடங்கினர்.

இவ்வளவும் எல்லாரும் சொல்வது. அதன்பின் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று பழகிய அனுபவம் அம்மாணவர்களுக்கு இல்லை. ஆகவே முஃப்தார் பகுதியில் ஏழைகளிடையே வாழ்ந்த ரோசலி ரான்டு என்னும் பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரியிடம் அவர்கள் சென்றனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்தெருக்களிலே நடந்து பழகியவர் அவர். எந்தக் குடும்பங்களைச் சந்திப்பது என்று காட்டியவரும், ஏழைகளை மதிப்போடு அணுகக் கற்பித்தவரும் அவரே. பிற்காலத்தில் சோர்போனில் பேராசிரியராய்த் திகழ்ந்த ஓசானாம், இந்தப் பாடத்தை ஒரு கன்னியரிடம் மாணவராய் இருந்து கற்றார். 1997-இல் ஓசானாமும் 2003-இல் ரோசலியும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தப்பட்டனர். ஆசிரியைக்கு முன்னரே மாணவர் பீடமேறிவிட்டார்!

இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைக் குறித்து வெளியிட்ட ஏட்டில், ஆறாம் அதிகாரம் முழுவதையும் இப்பணிக்கான பயிற்சிக்கே ஒதுக்கியது. நம் பங்குகளில் அந்த அதிகாரம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று கேட்க நமக்கே கூச்சமாயிருக்கிறது.

கற்க வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. தனியே செல்லாமல் இருவராய்ச் செல்லுதல். உள்ளே அழைக்கும்வரை வாசலில் நிற்றல். கொண்டுவந்ததைக் கொடுக்குமுன் அவர்களுக்கு வேண்டியது யாதெனக் கேட்டல். அங்கே கேட்டதை வேறெங்கும் பேசாதிருத்தல். இவற்றுள் கேட்பதுதான் கடினம். எம்மாவு வழியில் நம் ஆண்டவர் எல்லாம் அறிந்தவராயிருந்தும், அவ்விருவரையும் முதலில் பேசவிட்டார். நம் அன்பியக் கூட்டங்களிலோ, ஒருவரே முக்கால் மணிநேரம் பேசிவிட்டு, மற்றவர் ஏன் வாய் திறப்பதில்லை என்று வருந்துகின்றார்.

கைப்பேசிக் குழுக்களுக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும். ஆங்கே நுழைவதும் ஒரு வீட்டினுள் நுழைவது போன்றதே. படத்தில் இருப்பவரின் இசைவின்றிப் படம் இடலாகாது. உதவி பெறுவோரின் முகத்தையோ, இசைவு தந்தாலும் இடாதிருப்பது நலம்; அரிசியைக் கையில் வைத்திருப்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல எந்த ஏழைக்குத் துணிவு வரும்? இறப்புச் செய்தியை அவ்வீட்டாரிடம் உறுதிசெய்த பின்னரே அனுப்ப வேண்டும். கைப்பேசி இல்லாத முதியவர்களுக்குக் கூட்டச் செய்தியை நடந்து சென்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்தத் தாயிடம் பின்னர் யார் சென்றார்? பங்கில் மரியாயின் சேனையில் நெடுங்காலமாக உழைத்துவரும் முதிய அம்மையார் ஒருவர் சென்றார். படம் எடுத்த இளைஞனையும் உடன் அழைத்துச் சென்றார். படம் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அம்மையார் முன்னமே பணித்திருந்தபடி, பேசாமல் அமர்ந்திருந்தான். அரைமணி நேரம் கழிந்த பின்னரே அத்தாய் மனம் திறந்தார். கணவரின் வாரிசுச் சான்றிதழ் கிடைக்காமல் ஏழு மாதங்களாக அலைந்துகொண்டிருந்தார் அவர். அரிசி அவருக்கு அவ்வளவு அவசரமாய் இல்லை. கணினி அறிந்த அவ்விளைஞன் மறுநாளே அவரை இ-சேவை மையத்திற்கு அழைத்துச் சென்றான். பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் மூன்றுமுறை உடன் சென்றான்.

சென்ற வாரம் அம்மையாரிடம் விசாரித்தோம். சான்றிதழ் வந்துவிட்டதாம். தாயும் மகளும் திருப்பலிக்கு வருகின்றனராம். அச்சிறுமி மட்டும் பாடகர் குழுவுக்கு இன்னும் திரும்பவில்லையாம்.