மாப்பிள்ளையின் பீர் நோட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். பீர் குடிக்க. இதை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் வேறு யாராவது போட்டோவோடு எழுதுவார்கள்.

பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். ஊர் சாமல்பட்டிதான், எங்கள் காலனிதான். சம்பளம் வந்த முதல் ஞாயிறு ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் ஏதாவது ஒரு பப்புக்குப் போவான். ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு. குடித்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவான். தேதி, பீரின் பெயர், நிறம், நுரை, வாசம், வாயில் முதலில் என்ன, விழுங்கிய பிறகு என்ன.

அந்த நோட்டு அக்கா கையில் சிக்கிவிட்டது. எனக்கு போன் போட்டு அழுதாள். "குடிக்கறதுக்கு நோட்டுப் போடற அளவுக்கு வந்துட்டான்டா. நீயே வந்து கேளு." அவள் அழுததில் நியாயம் இருக்கிறது. மாமா எப்படிச் செத்தார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, நாற்பத்தி மூன்று வயதில். கடைசி வருடம் அக்கா கழனி வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் தூக்கிச் சுமந்தாள். அதனால் கண்டிக்கத்தான் போனேன். அவன் சொன்னான்: "மாமா, ஒரே ஒரு தடவை கூட வந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க."

கிராஃப்ட் பீர் என்பது பெரிய விஷயமில்லை. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கான பாட்டிலில் ஒரே ருசியாக அடைப்பதை, சின்ன இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, விதவிதமாகக் காய்ச்சுகிறார்கள். பெங்களூரில் 2010, 2011 வாக்கில் தொடங்கிய இந்த வியாபாரம் இப்போது அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பாஸ்மதி அரிசி போட்டுக்கூடக் காய்ச்சுகிறார்கள்.

நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு மரப்பலகையில் ஆறு குட்டி கிளாஸ்கள் வந்தன. வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கடைசியில் கறுப்பு. மாப்பிள்ளை என் முன்னால் நோட்டைத் திறந்தான். கோதுமை பீருக்கு அவன் முன்பே எழுதிவைத்திருந்தது: "பூவன் பழத்தை உரிக்கிற வாசம். அடியில் லவங்கம்." நான் குடித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. பழமும் போடவில்லை, லவங்கமும் போடவில்லை, எல்லாம் அந்த ஈஸ்ட் பண்ணுகிற வேலை என்றான். ஹாப்ஸ் அதிகம் போட்ட கசப்பு பீருக்கு "வேப்பம்பூ வறுத்த மாதிரி, மேலே நார்த்தங்காய்த் தோல்". புளிப்பு பீருக்கு "அம்மா வச்ச கூழோட தெளிவு, ரெண்டாம் நாள்". கறுப்பு பீருக்கு "களி அடிபிடிச்ச சட்டி".

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். புளித்த கூழையும் பழைய சோற்றையும் புளிக்கவைக்கிற அதே வகை பாக்டீரியாதான் புளிப்பு பீரையும் புளிக்க வைக்கிறது. அவன் நாக்கு பொய் சொல்லவில்லை. பீரை ருசிபார்ப்பதற்கென்று 1970களில் மெய்ல்கார்ட் என்ற டென்மார்க்காரர் ஒரு சக்கரம் போட்டுக் கொடுத்தார். எந்த வாசத்துக்கு என்ன பெயர் என்று உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். இன்றைக்கு பீரைப் பற்றி எழுதுகிறவர்களின் பேச்சில் பிஸ்கட் வரும், டாஃபி வரும், நாம் கண்ணால் பார்க்காத பழமெல்லாம் வரும். அடிபிடித்த களிச்சட்டி வராது. எங்கள் காலனிப் பையன் அதை எழுதிச் சேர்த்திருக்கிறான்.

பக்கத்து மேசையில் ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். தமிழர்தான். நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், உண்மையாகவே. எந்த ஊர் என்றார். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றோம். கிருஷ்ணகிரியில் எங்கே? ஊத்தங்கரைப் பக்கம், சாமல்பட்டி. சாமல்பட்டியில் எங்கே? இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? ரயில்வே ஸ்டேஷன் பக்கமா, ஊருக்குள்ளேயா என்று கேட்டார். மாப்பிள்ளை ஒளிக்கவில்லை, காலனி என்றான். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதெல்லாம் உங்களுக்கு ஏறுமா?"

அந்தக் கேள்வியில் வசவு இல்லை. அவர் அதை வசவாக நினைக்கவும் இல்லை. ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அவர் குடிப்பது ருசிக்கு, நாங்கள் குடிப்பது ஏறுவதற்கு. அவர் கையில் இருந்தால் அது ரசனை, எங்கள் கையில் இருந்தால் குடி. கிளாஸைத் தனியாக வைக்கவில்லை, கொட்டாங்குச்சியில் ஊற்றவில்லை. இரட்டைக் குவளை பெங்களூரில் பளபளவென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நிறையப் பேர் நம் மக்கள், கூலிகள். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தபோது என்ன பேச்சு கேட்டோம்? குடிகாரனுக்கு எங்கள் வரிப்பணமா என்றார்கள். செத்தவன் எதற்காக அந்த பாக்கெட்டை வாங்கினான், கடையில் விற்கும் குவாட்டர் அவன் கூலியில் எவ்வளவைத் தின்னும் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அப்படிப் பேசியவர்களில் சிலராவது வார இறுதியில் பெங்களூர் போய்ப் பலகையில் ஆறு கிளாஸ் வாங்கி போட்டோ போடுகிறவர்கள்.

மதுவிலக்கு என்ற சோதனை முதலில் நடந்ததே நம் மண்ணில்தான். 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்றைக்கு அந்த மாவட்டம். கொண்டுவந்தவர் ராஜாஜி, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. அதன் பிறகு எடுத்தார்கள், போட்டார்கள், எடுத்தார்கள். 1987இல் கள்ளும் சாராயமும் போயின. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இப்போது மதுவால் வரும் வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சட்டத்தின் பெயர் மட்டும் இன்றைக்கும் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்.

குடியைப் பற்றிப் பேசினாலே நம் தோழர்கள் சிலர் பாபாசாகேபைத் துணைக்கு அழைப்பார்கள். அவர் குடிக்காதவர், உண்மை. ஆனால் 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். மதுவிலக்கை நீக்கி அந்த வருமானத்தை மக்களுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குப் பிரிவு வந்தபோது, 1948இல், ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். அரிசி பீர் ஆதிவாசிகளின் வழிபாட்டோடு சேர்ந்தது, அதில் கை வைக்காதீர்கள் என்பது அவர் வாதம். இருவரும் மக்கள் குடித்து அழியட்டும் என்று சொன்னவர்கள் இல்லை. யாருடைய குடிக்கு யார் சட்டம் போடுவது என்று கேட்டவர்கள்.

தென் ஆப்பிரிக்காக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். சோளத்தில் பீர் காய்ச்சுவது அங்கே கறுப்பினப் பெண்களின் வேலை. 1909இல் டர்பன் நகராட்சி அதைப் பிடுங்கித் தன் ஏகபோகமாக்கியது. பெண்கள் காய்ச்சினால் குற்றம், நகராட்சி பீர் கூடத்தில் விற்றால் வருமானம். அந்த வருமானத்தில்தான் கறுப்பர்களை அடக்கும் நிர்வாகமே நடந்தது. 1959இல் கேட்டோ மேனரில் பெண்கள் அந்த பீர் கூடங்களுக்குள் புகுந்து அடித்தார்கள். 1976இல் சொவேட்டோ மாணவர்கள் கொளுத்தியவற்றில் பீர் கூடங்களும் உண்டு. இன்றைக்கு அதே நாட்டில் கறுப்பினப் பெண்கள் சொந்தமாக ப்ரூவரி நடத்துகிறார்கள். அமெரிக்காவில் காரெட் ஆலிவர் என்ற கறுப்பின பீர் வல்லுநர், கறுப்பின இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கற்க உதவித்தொகை தர 2020இல் ஓர் அறக்கட்டளையே தொடங்கினார்.

நம்மிடம் என்ன இருந்தது என்றும் பார்க்கலாம். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது காய்ச்சும் முறை வருகிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகலப் பாத்திரத்தில் ஆற்றி, முளை நெல்லை இடித்த அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைகட்டிய தானியம்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். பார்லியில் ஐரோப்பாக்காரன் செய்ததும் அதே வேலைதான். மீன் பிடிக்கிற மக்களுக்கு இந்த அறிவு இருந்தது. அதை யாரும் கைவினை என்று சொன்னதில்லை. சேரியில் சுண்டக்கஞ்சி காய்ச்சினால் போலீஸ் பானையை உடைக்கும்.

திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளை தன் ஆசையைச் சொன்னான். கேழ்வரகில் ஒரு பீர் காய்ச்ச வேண்டும். இமயமலைப் பக்கம் லிம்பு மக்கள் அதே கேழ்வரகில்தான் தோங்பா செய்கிறார்கள், உகாண்டாவிலும் செய்கிறார்கள், நம்ம கிருஷ்ணகிரி கேழ்வரகுக்கு என்ன குறை என்றான். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிற ஊர்தானே நம்முடையது, பாதி வேலை ஏற்கெனவே தெரியும் என்றான். நான் சொன்னேன்: மாப்ள, எஃகு டாங்கி, குளிரூட்டும் மெஷின், லைசென்ஸ், பெங்களூரில் இடம். எத்தனை கோடி? அந்த உரிமம் வைத்திருக்கிறவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? டாங்கியைக் கழுவ வேண்டுமானால் கூப்பிடுவார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மது எதிர்ப்பில் என் நிலைப்பாடு மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். காலனி வாசலில் உள்ள கடையை மூடச் சொல்லி நம் பெண்கள் சாலையில் உட்கார்ந்தால் நானும் போய் உட்காருவேன். கம்பிச் சன்னலுக்குள் கையை நீட்டி, தருவதை வாங்கி, நின்றபடி ஊற்றிக்கொண்டு போகும் குடியில் எந்த விடுதலையும் இல்லை. ஆனால் கடையை மூடு என்பதும், தலித் பையன் ருசி பேசக்கூடாது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்ல நமக்கு ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், நாமும் போய் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். அரசுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் மது வருமானத்தில் ஒரு பங்கைக் குடியால் சிதைந்த குடும்பங்களுக்கும், தாலுகா தோறும் குடிநோய் சிகிச்சைக்கும் என்று சட்டமாகவே ஒதுக்கட்டும். மாமாவைச் சேர்க்க ஊத்தங்கரையில் ஒரு படுக்கை கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பாபாசாகேப், டர்பன், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கிளாஸ் எவ்வளவு?" என்றாள். சொன்னேன். தன் ஒரு நாள் கூலியைவிடக் கூடுதல் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்க மாமாவும் மொதல்ல ஒரு கிளாஸ்லதான்டா ஆரம்பிச்சாரு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டை மட்டும் அடுப்பில் போடாதே என்று கேட்டுக்கொண்டேன். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவன் புது நோட்டு வாங்கிவிட்டான்.