ஒரு துளியின் சாட்சியம்

விலங்கின் குருதியை ஒருமுறை எடுத்து, அதிலுள்ள இனப்பெருக்க ஹார்மோனை அளந்துவிட்டால் அதன் உடல்நிலை விளங்கிவிடும் என்பது பலரது எண்ணம். அஃது ஏற்கத்தக்கதன்று.

ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களில் உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறை, மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்க வழிசெய்தது. (அதற்கு அவர்கள் காப்புரிமை கோராதது தனியே போற்றத்தக்கது.) அளவுகோல் துல்லியமானதே, அளக்கப்படும் பொருள்தான் ஒரு நிலையில் நிற்பதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் தன் ஹார்மோனை விட்டுவிட்டே சுரக்கிறது. அதன் ஏவலால் பிட்யூட்டரி குருதியில் விடும் லூட்டினைசிங் ஹார்மோனும் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் எடுத்த துளியும் இறக்கத்தில் எடுத்த துளியும் ஒரே ஆட்டை இரண்டு ஆடுகளாகக் காட்டும்.

மூளைத் திசுவை அளந்தாலும் இடர் தீராது. அங்கு ஹார்மோன் மிகுந்திருப்பது நன்கு உருவாவதாலா, வெளியேறாமல் தேங்கியதாலா? எண் மட்டும் விடை கூறாது.

1978இல் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஹைபோதலாமஸ் சிதைக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை மணிக்கு ஒருமுறை செலுத்தியபோது பிட்யூட்டரி இயங்கியது. இடைவிடாது செலுத்தியபோது அடங்கியது. செய்தி அளவில் மட்டுமன்று, தாளத்திலும் இருந்தது.

மெல்ல மாறும் புரோஜெஸ்டிரோனுக்கு ஒரு துளி பெரும்பாலும் போதும். லூட்டினைசிங் ஹார்மோனுக்கோ பத்து நிமிடங்களுக்கு ஒருமுறையெனப் பல மணிநேரம் குருதி எடுக்க வேண்டும். உழைப்பு மிகுதிதான். ஆயினும் ஹைபோதலாமஸ் ஹார்மோனின் அமைப்பை அறிய ஆண்ட்ரூ ஷாலியின் குழுவுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் திசு தேவைப்பட்டது. அவ்வளவு உயிர்களிடமிருந்து பெற்ற அறிவை ஒற்றைத் துளிக்கு அடகுவைப்பது முறையாகாது.